விண்ணேற்ற விழா வாரத்தில் நீ படுத்த படுக்கையாக இருக்க வேண்டும்

லின்ஸ் நகரில் அத்தானோடும் ஜன்னல் நிறைந்த பூந்தொட்டிகளோடும் குறைவின்றி வாழ்ந்துவரும் என் மதிப்பிற்குரிய மூத்த சகோதரி நோட்புர்கா அவர்களுக்கு, கிரெல்கோகல் மலையடிவாரத்திலிருந்து தம்பி வின்சென்ஸ் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், என் வீட்டுக்காரி ஹெட்விக், கோழிகள் அனைவரும் சௌக்கியம். நீயும் சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அக்கா, அதுதான் இப்போது சிக்கல். மே மாதக் கடைசியில், விண்ணேற்ற விழா வாரத்தில், நீ சௌக்கியமாக இருக்கக் கூடாது. எந்த அளவுக்கு இருக்கக் கூடாது என்பதைக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். அதற்கு முன் என் கதையைக் கேள்.

நம் லேனிக்கு இலையுதிர் காலத்தில் கல்யாணம் என்பது உனக்குத் தெரியும். மாப்பிள்ளை யோரிஸ் ஹாலந்துக்காரர், தங்கமான பையன். அவரிடம் ஒரு குறையும் இல்லை, அவருக்கு ஓர் அம்மா இருக்கிறார் என்பதைத் தவிர. சம்பந்தியம்மாளின் பெயர் மரைக்கே. பள்ளிக்கூடத்தில் கால அட்டவணை போடும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற சேதியை அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. கல்யாணத்துக்கு முன் இரண்டு குடும்பமும் ஒன்றாகப் பழக வேண்டுமாம், அதற்கு ஒரு வாரம் மலையில் நடக்க வேண்டுமாம். பழகுவதற்கு ஒரு காபியும் ஆப்பிள் பலகாரமும் போதாதா? மனுஷங்க மூச்சு வாங்கிக்கிட்டே யாரோடயாவது பழகியிருக்காங்களா? உங்க ஊர்லயே ரொம்ப உயரமான இடம் எதுன்னு ஒரு தடவை அவங்ககிட்ட போன்ல கேட்டேன். ரயில் தண்டவாளத்துக்கு மேலே போற பாலம்னு சொன்னாங்க, அதுவும் பெருமையா.

இதோட போயிருந்தா நான் உனக்குக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். ஆனா லேனி அவங்ககிட்ட, "எங்க அப்பா நாப்பது வருஷம் அந்த மலையிலேயே இருந்தவர், அவரே நமக்கு வழிகாட்டியா வருவார்"னு சொல்லி வெச்சிருக்கா. அதுல ஒரு வார்த்தை பொய் கிடையாது. நான் மலையிலேதான் இருந்தேன். ரோப் காரோட கீழ் நிலையத்துல நின்னு, வர்ற ஒவ்வொரு நாற்காலியையும் பிடிச்சு, ஜனங்களை உக்கார வெச்சு, முன்னால கம்பியை இறக்கிவிட்டு, கையாட்டி அனுப்பினேன். மதியம் நானும் ஒரு நாற்காலியில ஏறி மேலே போய் சூப் குடிச்சேன், நாற்காலியிலேயே இறங்கி வந்தேன். அந்த மலையில என் கால் பட்டதான்னு இது வரைக்கும் ஒருத்தரும் கேக்கலை. கேக்காத கேள்விக்குப் பதில் சொல்ற வழக்கம் நம்ம குடும்பத்துல இல்லைன்னு உனக்கே தெரியும். ஆனா இப்போ மாப்பிள்ளை வீட்டார் முன்னால, பெத்த பொண்ணு முன்னால, முதல் வளைவிலேயே நுரை தள்ளி உக்காந்தேன்னா என் மானம் என்ன ஆகும்? அப்பனைப் பத்தி அவ ஊர்ல சொல்லிக்கிற ஒரே பெருமை இதுதான், அக்கா.

சரி, நாசூக்கா தடுத்துப் பார்ப்போம்னு நானும் படிச்சவன் மாதிரி சம்பந்தியம்மாவுக்கு ஒவ்வொண்ணா எழுதிப் போட்டேன். மே மாசத்துல வடக்குச் சரிவுல பனி கிடக்கும், வழுக்கும்னு எழுதினேன். ஷூவுல மாட்டுற இரும்பு முள் வாங்கியாச்சுன்னு பதில் வந்துச்சு. பனிப் புனிதர்கள்னு நாம சொல்ற அந்தப் புனிதர்களோட திருநாள்கள்ல திடீர்னு உறைபனி விழும்னு எழுதினேன். அந்தப் புனிதர்கள் மே மாச நடுவிலேயே போயிடுவாங்க, நாங்க வர்றது அதுக்கப்புறம்னு பதில். கன்னு போட்ட மாடுங்க முட்டும்னு எழுதினேன். உங்க பள்ளத்தாக்குல மாட்டை ஜூன்லதானே மேலே ஓட்டுவீங்கன்னு பதில். எங்க மாடு எப்போ மேலே போகும்னு அவங்க எனக்குச் சொல்றாங்க. மலை விடுதி பூட்டியிருக்கும்னு எழுதினா, விடுதிக்காரரையே கூப்பிட்டுப் பேசி, அந்த வாரத்துக்குப் படுக்கையும் பிடிச்சு, ராத்திரிக்குப் பயறு சூப்பா பார்லி சூப்பான்னும் முடிவு பண்ணிட்டாங்க. கடைசியா, ஜூலையில வாங்களேன், ரோப் கார் ஓடும், சௌகரியமா இருக்கும்னு போன்லயே கெஞ்சிப் பார்த்தேன். அதுக்கு, "நாங்க நடக்கத்தானே வர்றோம்"னாங்க, ஏதோ நான் அவங்களை ஹோட்டலுக்குக் கூப்பிட்டுப் பட்டினி போடப் பார்த்த மாதிரி. போனை வெக்கிறதுக்கு முன்னால என் ஷூ அளவு என்னன்னு வேற கேட்டாங்க. சமவெளிக்காரங்களுக்கு என்னதான் தெரிஞ்சுக்கணும்னு ஒரு விவஸ்தையே கிடையாது. சவப்பெட்டிக்கு அளவு எடுக்குறாங்களோன்னு நினைச்சுக்கிட்டு சொல்லித் தொலைச்சேன்.

அங்கே அவங்க பயிற்சி எடுக்குறாங்களாம். ஊர்ல மலை இல்லாததால, சர்ச் மணிக்கூண்டுப் படியில தினமும் ஏறி இறங்குறாங்க, முதுகுப் பையில சர்க்கரை மூட்டையைப் போட்டுக்கிட்டு. பாதிரியார் சாவியையே கொடுத்துட்டாராம். இந்தத் தம்பதி சகிதப் பக்தியைப் பார்த்துப் புல்லரிச்சுப் போச்சுன்னு ஹெட்விக்கிட்ட சொன்னேன். தம்பதி எங்கே, அம்மாவும் பிள்ளையும்தானேன்னு அவ திருத்தினா. நாப்பது வருஷமா திருத்துறா.

அடுத்து எகோன்கிட்ட போனேன். அந்தக் காலத்துல மேல் நிலையத்துல நின்னவன்தான், இப்போ ரோப் காருக்கே மேலாளர். ஒரே ஒரு மணி நேரம் ஓட்டுடா, ரெண்டு வளைவைத் தாண்டி என்னை இறக்கிவிட்டா போதும், மீதியை எப்படியாவது உருட்டிக்கிறேன்னு கேட்டேன். அவன் என்னைக் கொட்டகைக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டினான். மே மாசப் பராமரிப்புன்னு நாற்காலி அத்தனையும் கழட்டி அடுக்கி வெச்சிருக்கு, வடத்தைத் தரையில இறக்கிப் போட்டிருக்கு. "எதுல உக்காருவே, என் தோள்லயா?"ன்னு கேட்டான். அதோட விட்டானா? அன்னிக்கு சாயங்காலமே சாராயக் கடையில சொல்லிட்டான். இப்போ நான் உள்ளே நுழைஞ்சா எல்லாரும் தொப்பியைக் கழட்டி, வழிகாட்டி ஐயாவுக்கு வழி விடுங்கப்பான்னு எந்திரிச்சு நிக்கிறாங்க. சொந்த ஊர்ல இவ்வளவு மரியாதை எனக்குக் கிடைச்சதே இல்லை.

சரி, வேற வழியில்லை, யாரும் பார்க்காம ஒரு தடவை நடந்து பழகிடுவோம்னு போன செவ்வாய்க்கிழமை கிளம்பினேன். பரண்லேர்ந்து மலை ஷூவை எடுத்தேன், வாங்கின நாள்லேர்ந்து பளபளன்னு அப்படியே இருக்கு. கீழ் நிலையத்துல வர்ற ஜனங்க என்கிட்ட வழி கேப்பாங்க இல்லையா, மூணாவது வளைவு தாண்டி இடது பக்கம் திரும்புங்க, வேர் தடுக்கும், பார்த்துப் போங்கன்னு நான் வருஷக்கணக்கா சொல்லிக்கிட்டு இருந்தேனே, அந்த இடது பக்கத்தை நானும் ஒரு தடவை பார்த்துடலாம்னு போனேன். மூணாவது வளைவு வர்றதுக்குள்ளே கண்ணு ரெண்டும் இருட்டிக்கிட்டு வந்துச்சு. இடது பக்கம் திரும்பினேன். வேர் இருந்துச்சு, அந்த மட்டும் சரிதான். அதைத் தாண்டினா ஒரு படல், படலைத் தாண்டினா பண்ணைக்காரன் கசியானோட மாட்டுக் கொட்டகை. பாதை அங்கேயே முடிஞ்சுபோச்சு. விடுதிக்குப் போற பாதை வலது பக்கமாம்.

நான் மூச்சு வாங்கிக்கிட்டு நிக்கிறப்போ கசியான் வைக்கோல் வாரியோட வெளியே வந்தான். அவனுக்குக் கண்பார்வை அவ்வளவாக் கிடையாது, என்னையும் ஏதோ வெளியூர்க்காரன்னு நினைச்சுட்டான். "நீயும் வந்துட்டியா? வருஷம் முழுக்க இப்படி வந்து படலைத் திறந்துபோட்டுட்டுப் போறீங்க, என் மாடு பாதி பக்கத்து ஊர்ல மேயுது. கீழே எந்த முட்டாப்பய உங்களுக்கு இடது பக்கம்னு சொல்லி அனுப்புறான்?" தெரியலைங்கன்னு குரலை மாத்தி சொல்லிட்டு, படலை மட்டும் ரொம்ப மரியாதையா சாத்திட்டுத் திரும்பினேன். திரும்பி நாலு அடி வெச்சிருப்பேன், ரெண்டு ஷூவுக்கும் அடிப்பாகம் மொத்தமா கழண்டு விழுந்துடுச்சு. போடாம வெச்சிருந்தா பசை பொடிஞ்சு போயிடுமாம், இது எல்லா மலைக்காரனுக்கும் தெரியுமாம், ஹெட்விக் சொல்றா. கசியானோட வைக்கோல் கயித்தைத் திருடிக் கட்டிக்கிட்டு இறங்கி வந்தேன். அதனால்தான் அக்கா, உன்னை விட்டா எனக்கு வேற கதி இல்லை.

இனி காரியத்துக்கு வருகிறேன். விண்ணேற்ற விழாவுக்கு முந்தின நாள் மதியம், எல்லோரும் சாப்பாட்டு மேஜையில் இருக்கும் நேரமாகப் பார்த்து நீ போன் செய்ய வேண்டும். ஹெட்விக் எடுப்பாள். இருதயம் என்று மட்டும் சொல்லிவிடாதே, லேனி கூடவே ஓடி வந்துவிடுவாள். சளி, ஜலதோஷம் என்றாலும் எடுபடாது. இடுப்புப் பிடிப்புதான் சரி. எந்திரிக்க முடியலை, அத்தானுக்குத் தண்ணி கொதிக்க வைக்கக்கூடத் தெரியாது, தம்பி ஒருத்தன் வந்தா போதும்னு சொல்லு. அத்தான் பத்தின பகுதியை யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. கொஞ்சம் முனகு. ஆனா காப்பீட்டுக்காரர் வந்தப்போ முனகின மாதிரி வேண்டாம், அன்னிக்கு அந்த மனுஷன் ஆம்புலன்ஸுக்கே சொல்லிட்டார். நான் முதல் ரயில்லயே வந்து, ஒரு வாரம் உன் பூச்செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு, மலையை நினைச்சு ஏக்கமா பெருமூச்சு விட்டுக்கிட்டு இருப்பேன். சம்பந்தியம்மாளுக்கும் என் மேல் மரியாதை கூடும். உடன்பிறப்புக்காக மலையையே துறந்தவன் என்று எண்ணிக்கொள்வார்கள்.

அத்தானுக்கு என் வணக்கம். பூந்தொட்டிகளுக்கு என் விசாரிப்பு. மேற்படி ஒரு வாரம் நீங்கலாக, நோய் நொடியின்றி, மூட்டு வலியின்றி, நல்ல பசியோடும் தூக்கத்தோடும் நீ நெடுங்காலம் வாழ ஆண்டவரை மன்றாடும்,

உன் அன்புத் தம்பி,
வின்சென்ஸ்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் லேனி வந்துவிட்டாள். கல்யாண உடுப்புக்கு அளவு கொடுக்க ராத்திரி ரயில்ல வந்திருக்கா. சரி, ஒத்திகை பார்ப்போமேன்னு, புர்கா அத்தைக்கு உடம்பு ரொம்ப முடியலையாம்மான்னு மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு ஆரம்பிச்சேன். அத்தை நேத்துதான் என்கிட்ட பேசினாங்க, முதியோர் நடனத்துல முதல் பரிசாம், மூச்சு விடாம அரை மணி நேரம் சொன்னாங்கன்னா. நீ இப்படிப் பண்ணுவேன்னு நான் எதிர்பார்க்கலை, அக்கா. உடம்பு சரியில்லாதவ ஆடலாமா?

அப்புறம் அவ ஒரு பெட்டியைத் திறந்து மேஜையில வெச்சா. புது மலை ஷூ, என் அளவு. சம்பந்தியம்மா வாங்கிக் கொடுத்து அனுப்பியிருக்காங்க. நானும் விடலை, ஜூலையில போனா என்ன, ரோப் கார் ஓடுமேன்னு கடைசியா ஒரு தடவை கேட்டேன். அதுக்கு லேனி சொன்னதை அப்படியே எழுதுறேன்.

"அவங்க எல்லாரும் ஜூலைன்னுதான்பா சொன்னாங்க. மே மாசம் வேணும்னு அடம் பிடிச்சது நான். ஞாயித்துக்கிழமை மத்த பிள்ளைங்க எல்லாம் அப்பாவோட மலைக்குப் போவாங்க. நீ எனக்குக் கம்பியை இறக்கிவிட்டுக் கையாட்டுவே. மேலே எகோன் மாமாதான் என்னை இறக்கிவிடுவாரு. நீ ஒரு தடவைகூட நடந்ததில்லைன்னு எனக்குத் தெரியாதா? ரோப் கார் ஓடுற வரைக்கும் நீ எனக்குக் கிடைக்க மாட்டே. அதான் அது ஓடாத வாரமா பார்த்தேன்."

வழிகாட்டின்னு ஏன்டி சொன்னேன்னு கேட்டேன். அப்படிச் சொல்லலைன்னா நீ எதையாவது சொல்லிக் கழண்டுக்குவியே, அதான்னா. ஷூவை மாட்டிக்கிட்டுக் கோழிக்கூண்டு வரைக்கும் போயிட்டு வந்தேன். கொஞ்சம் கடிக்குது, பழகிடும்னு ஹெட்விக் சொல்றா. நாளைக்கு லேனியும் நானும் மூணாவது வளைவு வரைக்கும் போறோம். வலது பக்கம்தான் திரும்பப் போறோம்.

இவ்வளவு எழுதின தாளைக் கிழிக்க மனசு வரலை, அதனால அனுப்புறேன். இதுல எழுதினபடி எதையும் செய்யாதே. அத்தானோட ரெண்டு ஊன்றுகோலை மட்டும் உடனே பார்சல்ல அனுப்பு. அந்த வாரம் உனக்கு நிஜமாவே இடுப்புப் பிடிச்சுக்கிட்டா, நாங்க இறங்கி வர்ற வரைக்கும் தயவுசெஞ்சு யார்கிட்டயும் சொல்லிடாதே.