ஏட்டம்மா விசாரித்த சங்கீதம்

ஏட்டம்மா சந்தேகப்படாத ஆள் என்று சேலம், நாமக்கல் இரண்டு ஜில்லாவிலும் ஒருவர்கூடக் கிடையாது. கோயிலில் கும்பிடும்போதுகூட ஒரு கண்ணைத் திறந்துதான் வைத்திருப்பார். பூசாரி தட்டோடு உள்ளே போனால், திரும்பி வரும்வரை அந்தக் கண் இமைக்காது. பிறந்தது எருமப்பட்டி. போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கென்று ஒரு பெயர் கட்டாயம் இருந்திருக்கும். ஆனால் அவரே போனில், "ஏட்டம்மா பேசறனுங்க" என்றுதான் ஆரம்பிப்பார். நாங்களும் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டால், எதற்குக் கேட்கிறாய் என்று கேட்பார்.

அவர் எங்களிடம் வந்து சேர்ந்ததே ஒரு புகாரோடுதான். அப்போது நான் அஸ்தம்பட்டியில் ஓர் இசைப் பள்ளியில் ஆபீஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலை, கஞ்சி போட்ட காட்டன் சேலையும் கறுப்பு ஷூவுமாக ஓர் அம்மாள் உள்ளே நுழைந்து என் மேஜை மேல் இரண்டு கைகளையும் ஊன்றினார்.

"ஏனுங்க தம்பி, இங்க என்ன நடக்குது?"

"சங்கீதம் சொல்லித் தர்றோம்மா."

"அத போர்டுல பாத்தேன். நான் பின்னாடி தெருவுல குடியிருக்கறவ. அஞ்சு நாளா ஒரு பொம்பள இதே நேரத்துக்கு அழுவுறா. நடுவுல ஒரு ஆம்பளக் குரலு அதட்டுது. மறுக்கா அழுவுறா. அவளை எங்க அடைச்சு வச்சிருக்கீங்க?"

அது காலை ஏழு மணி வாய்ப்பாட்டு வகுப்பு. அழைத்துப் போய்க் காட்டினேன். அழுததாகச் சொல்லப்பட்டவர் ஒரு பாங்க் மேனேஜரின் மனைவி. ஏட்டம்மா அவரைத் தனியாக ஓரங்கட்டி, "உங்களை ஆரும் மிரட்டலையே சாமி? பயப்படாமச் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தார். மறுநாள் முதல் அந்த அம்மாள் ரொம்பவும் தணிந்து பாடினார். பாட்டு வாத்தியார் முகத்தில் பல வருஷங்களுக்குப் பிறகு ஒரு தெளிவைப் பார்த்தேன்.

எங்கள் பள்ளியின் தலைவர் ஒரு கண் டாக்டர். அதுவரை பள்ளியில் படித்ததெல்லாம் டாக்டர் வீட்டு, வக்கீல் வீட்டுப் பிள்ளைகள். அது அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. தறி ஓட்டுகிறவர் வீட்டுப் பிள்ளையும் லாரி டிரைவர் வீட்டுப் பிள்ளையும் வரவேண்டும் என்று, அந்த வருஷம் உதவித்தொகை இடங்களை அறிவித்தார். சனி, ஞாயிறில் வகுப்பு. கட்டணம் கிடையாது. பஸ் செலவும் பள்ளியுடையது. வீணை, வயலினோடு நாகஸ்வரமும் தவிலும் புதிதாகச் சேர்ந்தன. ஒரு பிள்ளைக்கு ஒரே ஒரு வகுப்பு என்பது மட்டும்தான் விதி.

முதல் விண்ணப்பத்தைக் கொண்டுவந்து கொடுத்தவர் ஒரு டிரைவர். எங்களுக்கு ஒரே சந்தோஷம். அப்புறம்தான் தெரிந்தது, விண்ணப்பம் அவர் பிள்ளைக்கு அல்ல; வெளியே நின்ற காரின் சொந்தக்காரர் பிள்ளைக்கு.

வீடு வீடாகப் போய் விசாரிக்க ஓர் ஆள் வேண்டும் என்று அன்றே முடிவாயிற்று. தலைவர் ஏட்டம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"வாரேனுங்க. ஆனா எனக்குச் சம்பளம் வேண்டாம்" என்றார் ஏட்டம்மா. "சம்பளம் வாங்கிப்போட்டா அப்பறம் உங்களை நான் சந்தேகப்பட முடியாது."

விசாரணைக்கு அவர் போவார், எழுதுவதற்கு நான் கூடப் போவேன். சேலத்தில் ஒரு வீட்டில், ஒரு மூலையில் ஏதோ பெரிதாக மஞ்சள் துணி போர்த்தி, மேலே பூச்சரம் வைத்து, குங்குமம் இட்டிருந்தார்கள். ஏட்டம்மா பயபக்தியோடு கிட்டே போனார்.

"எந்தச் சாமிங்க?"

"குலதெய்வமுங்க" என்றார் வீட்டுக்காரர்.

"குலதெய்வத்துக்கு எதுக்குங்க வயரு?"

துணியை விலக்கினால் புத்தம் புது வாஷிங் மெஷின். ஏட்டம்மா அதற்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தார். "எழுதிக்கங்க தம்பி. தெய்வ நம்பிக்கை உள்ள குடும்பம். உதவி தேவையில்ல."

வெளியில் விசாரிக்க வீடு இல்லாத நாட்களில் பள்ளிக்குள்ளேயே விசாரிப்பார். மிருதங்க வாத்தியார் அடிக்கடி ரவை பாக்கெட்டோடு உள்ளே போவதையும், உப்புமா வாசனை மட்டும் வராததையும் ஒரு மாதமாகக் கவனித்து வந்திருக்கிறார். கடைசியில் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு என்னிடம் ஓடி வந்தார். "தம்பி, அந்தாளு ரவையப் பெசஞ்சு மிருதங்கத்து மேல அப்பறாரு! மனுசனுக்கு என்னமோ ஆயிப்போச்சு!" இடந்தலையில் ரவை ஒட்டினால்தான் கனமான நாதம் வரும் என்று நான் எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. அது காய்ந்து உதிர்ந்தபின் எங்கே போகிறது என்று மேலும் ஒரு மாதம் கவனித்தார்.

நானும் தப்பவில்லை. "பி.காம் படிச்சவரு பாட்டுப் பள்ளிக்கூடத்துல எதுக்கு இருக்கறாரு?" என்று தலைவரிடமே கேட்டிருக்கிறார். அவரோடு சுற்றியதில் அந்த நோய் எனக்கும் தொற்றிவிட்டது. வீட்டில் என் மனைவி கேட்காமலே காபி கொடுத்தால், "என்ன விஷயம்?" என்று கேட்கத் தொடங்கியிருந்தேன். காபி நின்றுவிட்டது.

இப்படி இருக்கும்போதுதான் அந்த மொட்டைக் கடிதம் வந்தது. குமாரபாளையத்திலிருந்து தமிழரசி என்ற பதின்மூன்று வயதுப் பெண்ணுக்காக அவள் அப்பா வாய்ப்பாட்டு வகுப்புக்கு விண்ணப்பித்திருந்தார். கடிதம் அவளைப் பற்றியது.

"ஐயா, தமிழரசிக்குப் பாட்டு வகுப்பில் இலவச இடம் தரவேண்டாம். அவள் அப்பாவிடம் மூன்று தறி ஓடுகிறது. மேலும் அவளுக்குச் சுருதியே சேராது. அவளைப் பாட்டில் சேர்த்தால் பள்ளியின் பெயர் கெட்டுவிடும். இப்படிக்கு, உண்மை விளம்பி."

திங்கட்கிழமை பட்டியல் போடவேண்டும். காத்திருந்தவர்கள் நிறையப் பேர். "சந்தேகம் வந்துட்டா எடுத்துடலாமே" என்றார் தலைவர். ஏட்டம்மா துள்ளிக் குதித்து ஆமோதிப்பார் என்று நினைத்தேன். அவரோ கடிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டரு, எனக்கு இந்தப் புள்ள மேல சந்தேகமில்லீங்க. கடிதாசி மேலதான். வயித்தெரிச்சல்ல எழுதறவன் தறியப் பத்தி எழுதுவான், ஊட்டப் பத்தி எழுதுவான். சுருதி சேராதுன்னு எதுக்குங்க எழுதறான்? அப்பறம் இந்தப் புள்ளியெல்லாம் பாருங்க, முட்ட முட்டையாப் போட்டிருக்குது. பெரியவிய ஆரும் இப்பிடி எழுத மாட்டாங்க. நாளைக்கு நானும் தம்பியும் போய்ட்டு வாரோம்."

மறுநாள் பவானி பஸ் பிடித்துக் குமாரபாளையத்தில் இறங்கினோம். தமிழரசியின் வீடு தறிப் பட்டறையை ஒட்டிய ஒரு லைன் வீடு. பட்டறையில் மூன்று தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் ரகசியம் சொல்வதென்றால்கூடக் கத்தித்தான் சொல்லவேண்டும். அவள் அப்பா பழனிசாமி பட்டறையிலிருந்து பஞ்சுத் தூசி படிந்த தலையோடு ஓடி வந்தார்.

"வாங்க, வாங்க! ஊட்டுக்குள்ள வாங்க!"

"மூணு தறியும் ஆருதுங்க?" என்று கத்தினார் ஏட்டம்மா.

"மொதலாளியுதுங்க! ஓட்டறதுதான் நானு!" என்று கத்தினார் பழனிசாமி. "என்ற புள்ள பாடுனா இந்தத் தறிச் சத்தத்தையும் தாண்டிக் கேக்குமுங்க! ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கறேன், மேடையேறப் போறான்னு!"

மனைவி நூல் சுற்றும் வேலைக்குப் போயிருந்தார். பழனிசாமி எங்களுக்குக் கலர் சோடா வாங்க எதிர்க்கடைக்குப் போனதும், ஏட்டம்மா அந்தப் பெண்ணிடம் ஒரு தாளை நீட்டி, பேரும் விலாசமும் எழுதச் சொன்னார். அவள் எழுதினாள். ஒவ்வொரு புள்ளியும் அழகான ஒரு முட்டை.

ஏட்டம்மா பையிலிருந்து கடிதத்தை எடுத்து அந்தத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். தமிழரசி கடிதத்தைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள்.

"ஏன் சாமி, உனக்கு உம்மேலயே என்ன விரோதம்?"

"எனக்குப் பாட்டு வேண்டாமுங்க. தவில் வேணும்" என்று அவளும் கத்தித்தான் சொன்னாள். குரலில் அழுகையெல்லாம் இல்லை. "அப்பாகிட்டக் கேட்டனுங்க. பொம்பளப் புள்ள தவிலத் தூக்கிட்டுப் போனா ஊரு சிரிக்கும்னாரு. அவருக்குப் பாட்டுன்னா உசுருங்க. மூஞ்சிக்கு நேரா வேண்டாம்னு சொல்ல மனசு வல்ல. ஒரு ஆளுக்கு ஒரு கிளாஸ்தான்னு போட்டிருக்குது. பாட்டுல சேத்துப்போட்டா அப்பறம் தவிலுக்கு எங்க போறது? அதான் நீங்களே வேண்டாம்னு சொல்லட்டும்னு..."

"பெட்டிசன் போட்டுட்ட."

"ஆமாங்க."

"தவில் அடிப்பேங்கறதுக்கு என்ன சாட்சி?"

அவள் மூலையிலிருந்த காலி பிளாஸ்டிக் குடத்தை மடியில் சாய்த்து அடிக்க ஆரம்பித்தாள். தறிச் சத்தத்துக்கு நடுவே அது தனியாகக் கேட்டது. ஒரு கை கேள்வி கேட்க, இன்னொரு கை அவசர அவசரமாகப் பதில் சொன்னது. வருஷக்கணக்காக வாத்தியச் சத்தத்துக்கு நடுவில் ரசீது எழுதியவன் நான்; என்னை அறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஏட்டம்மா முகத்தில் மாறுதலே இல்லை. அவள் முடித்ததும் குடத்தை வாங்கி, உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார்.

அதற்குள் பழனிசாமி கலர் பாட்டில்களோடு திரும்பி வந்தார். பொய்ப் புகார் கொடுத்த யாரையும் ஏட்டம்மா தன் சர்வீஸில் விட்டதே இல்லை. அவரே பெருமையாகச் சொல்வார். மகள் செய்ததை இந்த மனிதர் முன்னால் போட்டு உடைத்தால் என்ன ஆகும்? பட்டியலிலிருந்தும் பெயர் போய்விடும்.

ஏட்டம்மா கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"தறிய நிறுத்துங்க."

"ஏனுங்க?"

"விசாரணைங்க. நிறுத்துங்க."

பழனிசாமி மூன்றையும் ஒவ்வொன்றாக நிறுத்தினார். சாப்பாட்டு நேரம், பக்கத்துப் பட்டறையும் நின்றிருந்தது. காதில் ஏதோ அடைப்பு விட்டதுபோல் இருந்தது.

"இப்பப் பாடு சாமி."

தமிழரசி கண்ணை மூடிக்கொண்டு ஒரு முருகன் பாட்டைப் பாடினாள். முதல் அடி ஓர் இடத்தில் தொடங்கியது. இரண்டாவது அடி அதற்குச் சம்பந்தமில்லாத இன்னோர் இடத்தில். மூன்றாவது அடியில் முருகனே மயிலைத் திருப்பியிருப்பார். பழனிசாமி முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியது. இத்தனை நாளும் அவர் மகளின் உதடு அசைவதைத்தான் பார்த்திருக்கிறார். மிச்சத்தைத் தானே நிரப்பிக்கொண்டிருக்கிறார்.

"ஏன் கண்ணு, சளி கிளி புடிச்சிருக்குதா?"

"இல்லீங்கப்பா."

"கொஞ்சம் தண்ணி குடிச்சுப்போட்டு இன்னொருக்காப் பாடு."

பாடினாள். தண்ணீரால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

பழனிசாமி சற்று நேரம் நின்றுபோன தறியைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு, முதல்முறையாகக் கத்தாமல் பேசினார். "ஏனுங்கம்மா... உங்க பள்ளிக்கூடத்துல வேற ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"தவில் இருக்குது" என்றார் ஏட்டம்மா. "கொடத்த எடு சாமி."

இந்தமுறை அவள் அப்பாவைப் பார்த்துக்கொண்டே அடித்தாள். அவர் கலர் பாட்டிலைத் திறக்காமலே கையில் பிடித்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "தவிலு கனமாச்சுங்களே, இவளால தூக்க முடியுமுங்களா?" என்றார்.

"நீங்க தூக்குங்க" என்றார் ஏட்டம்மா.

திரும்பும்போது பஸ்ஸில் என் சந்தேகத்தைக் கேட்டேன். "ஏட்டம்மா, அந்தப் பொண்ணு வேணும்னே கெடுத்துப் பாடியிருக்குமோ?"

"எனக்கும் அதேதானுங்க தம்பி. ஒருக்காக் கெட்டுப்போறது ஆருக்கும் நடக்கும். ரெண்டு தடவையும் அதே எடத்துல அச்சு மாறாமக் கெடுத்துச்சு பாருங்க, அதுக்கு நல்ல ஞானம் வேணும்."

"அப்போ ரிப்போர்ட்ல எழுதுவீங்களா?"

"உங்க விசாரணைப் பாரத்துல அதுக்குக் கட்டம் இல்லீங்களே."

அவர் எழுதிக் கொடுத்த அறிக்கையை நான் இன்னும் ஒரு பிரதி வைத்திருக்கிறேன். 'மேற்படி தறிகள் முதலாளிக்குச் சொந்தம். மேற்படி சிறுமிக்குச் சுருதி சேராது என்பது நேரில் ஊர்ஜிதம் ஆயிற்று. கடிதம் எழுதியவர் அந்தக் குடும்பத்துக்கு மிகவும் வேண்டியவர். கெட்ட எண்ணம் இல்லை. தவில் வகுப்பில் சேர்க்கலாம்.' மிகவும் வேண்டியவர் என்றால் யார் என்று தலைவர் கேட்டார். "விசாரணை முடிஞ்சுதுங்க" என்று சொல்லிவிட்டு ஏட்டம்மா எழுந்து போய்விட்டார்.

தவில் வாத்தியார் ஆரம்பத்தில், பெண் பிள்ளைக்குத் தவிலா என்று முணுமுணுத்தார். ஏட்டம்மா அடுத்த நாலு வாரமும் அவர் வகுப்பில் கடைசியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "ஒரே பாடத்தையே திருப்பித் திருப்பிச் சொல்றாரு டாக்டரு. புள்ளைகிட்ட என்னமோ மறைக்கறாரு" என்று புகாரும் கொடுத்தார். வாத்தியார் பயத்தில் அடுத்த பாடத்துக்குப் போனார். ஆண்டு விழாவன்று பழனிசாமி பஸ் நிறுத்தத்திலிருந்து தவிலைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். யாரும் சிரித்ததாகத் தெரியவில்லை. தமிழரசி வாசித்தபோது ஏட்டம்மா மேடையைப் பார்க்கவே இல்லை. ஓரமாக நின்று, யார் யார் கைதட்டவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

போன மாதம் நாமக்கல் ஆஸ்பத்திரி ஒன்றில் அவருக்கு முழங்கால் ஆபரேஷன் என்று கேள்விப்பட்டுப் போயிருந்தேன். கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தார். நான் வைத்த சாத்துக்குடிப் பையைத் திறந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்ன விசயமுங்க தம்பி?"

"சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"டாக்டரு அனுப்பிச்சாரா?"

"இல்லீங்க."

"ஏதாச்சும் கையெழுத்து வேணுமா?"

"இல்லீங்கம்மா."

"அப்பறம் எதுக்கு இம்புட்டுத் தூரம் பஸ் ஏறி வந்தீங்க?"

ஸ்டூலை இழுத்துப் போட்டு, நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்று கிளப்பும் வரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.