ஊசி எழுதிய பாராட்டு

என் மனைவியை ஆஹா ஓஹோவென்று புகழ்ந்து எழுதி, அவள் நாடகப் பயணத்துக்கு வேட்டு வைப்பது என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பாதிச் சவரத்தில் முடிவு செய்தேன்.

புகழ்ந்தால் எப்படி வேட்டு என்கிறீர்களா? சொல்கிறேன்.

நான் வாரப் பத்திரிகையில் நாடக விமர்சகன். புனைபெயர் 'ஊசி'. இருபது வருஷத்தில் ஒருவரையும் பாராட்டியதில்லை. மனைவி நடிக்கும் நாடகங்களை மட்டும் தொடமாட்டேன். குத்தினால் வீட்டில் சாப்பாடு கிடையாது. குத்தாவிட்டால் ஊரில் மரியாதை கிடையாது.

அவள் குழு மூன்று மாதம் ஊர் ஊராகப் போவதாக இருந்தது. மூன்று மாதம்! எனக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. "போகாதே" என்று சொல்லும் தைரியமும் கிடையாது. அந்தக் கவலையோடு சவரம் செய்துகொண்டிருந்தபோது, பின் பால்கனியில் அவளும் பக்கத்து வீட்டு அக்காவும் பேசுவது குளியலறை ஜன்னல் வழியாகக் காதில் விழுந்தது.

"டூர் நிச்சயம்தானா?" என்று இருமலோடு கேட்டாள் அக்கா.

"நிச்சயம்தான்க்கா. பத்திரிகைல யாரும் என்னைப் புகழ்ந்துடாம இருக்கணும்."

"ஏண்டி, புகழ்ந்தா நல்லதுதானே?"

"எங்க வாத்தியாரைத் தெரியாதா? குழுவும் அவரோடது, ஹீரோவும் அவரு. கூட நடிக்கிறவங்களைப் பாராட்டினா அவருக்கு வயிறு எரியும். போன வருஷம் ஒருத்தியப் பத்தி ரெண்டே வரி வந்தது. மறுநாளே கல்தா!"

"உன் வீட்டுக்காரர் எழுதிட்டார்னா?"

"அவரா? அவருக்குப் பாராட்டவே வராதுக்கா. கை கோணிக்கும்."

கை கோணிக்குமா? பார்த்துவிடலாம்!

அன்று மாலையே அரங்கில் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். கதையில் அவள் கணவனைப் பறிகொடுத்தவள். ஒரு வார்த்தை பேசாமல் அவன் சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்து வைக்கிறாள். கடைசிச் சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. தேடி எடுத்துத் தைக்கிறாள். அவ்வளவுதான். நான் தேம்பித் தேம்பி அழுதுவிட்டேன். பக்கத்து இருக்கைக்காரர் கைக்குட்டை கொடுத்தார். என் சட்டையில் மூன்று பொத்தான் இல்லை என்பது இடைவேளையில்தான் உறைத்தது.

ஆக, பொய் எழுத வேண்டிய தேவையே வரவில்லை. 'பொத்தான் தைக்கும் அந்த இரண்டு நிமிடம் அரங்கமே மூச்சுவிட மறந்தது. இப்படி ஒரு நடிகையை இந்த மேடை கண்டதில்லை. மற்றவர்கள் மேசை நாற்காலியோடு சேர்த்தி.' கடைசி வரி வாத்தியாருக்காகவே எழுதியது. பத்திரிகை ஆசிரியர் படித்துவிட்டு, காய்ச்சலா என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை இதழ் வந்தது. பத்து மணிக்கு வாத்தியாரும் வந்தார். சண்டைக்கு வருகிறவர் பழக்கூடையோடு வருவாரா?

"சார், நீங்க தெய்வம்! ஊசி பாராட்டினாத்தான் தேதி தருவோம்னு வெளியூர் அரங்கக்காரங்க எல்லாம் ஒத்தைக் கால்ல நின்னாங்க. இப்ப போன் மேல போன். மூணு மாசம் ஆறு மாசம் ஆயிடுச்சு!"

"உங்களை மேசை நாற்காலின்னு எழுதியிருக்கேனே?"

"இன்னும் எழுதுங்க சார்! அரங்கம் நிறைஞ்சா போதும்."

அவர் போனதும் மனைவி பக்கம் திரும்பினேன்.

"வாத்தியாருக்கு வயிறு எரியும்னு அக்காகிட்ட சொன்னியே?"

"அக்கா மக வீட்டுக்குப் போய்ப் பத்து நாளாச்சுங்க."

"அப்போ அந்த இருமல்?"

"ரெண்டு குரலும் நான்தான். பெரிய விமர்சகராச்சே, கண்டுபிடிச்சுடுவீங்களோன்னு பயந்தேன்."

"நேரா கேட்டிருந்தா எழுதமாட்டேனா?"

"பதிமூணு வருஷமா கேட்டுட்டுத்தானே இருந்தேன்?"

அவள் பத்திரிகையை மறுபடி விரித்தாள்.

"இதுல எழுதினது நெஜமாவா?"

"சத்தியமா. அழுதுட்டேன்."

அவள் கண் கலங்கியது. எனக்குச் சின்ன நம்பிக்கை வந்தது. இந்த நேரம் பார்த்து உருகிப்போய், உங்களை விட்டுட்டு எப்படிப் போவேன் என்பாள் என்று காத்திருந்தேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "நோட்டும் பேனாவும் எடுத்துட்டு சமையலறைக்கு வாங்க. முட்டை வேக எத்தனை நிமிஷம்னு ஒரு தடவைதான் சொல்லுவேன்."

எட்டு நிமிடமாம். எழுதிக்கொண்டேன்.