இலை குடித்த இணையம்

யாரை வேண்டுமானாலும் மன்னித்துவிடலாம். பக்கத்து வீட்டில் நன்றாக ஓடுகிற இணையத்தை மட்டும் மன்னிக்க முடியாது.

பண்ணைக்காட்டில் என் காப்பித் தோட்டமும் சித்தப்பா மகன் பாண்டியின் தோட்டமும் ஒரே சரிவில், நடுவில் ஒரு வேலி. எதிர்மலை டவரிலிருந்து காற்றிலேயே வருகிற இணையத்தை ஓர் ஆனி மாதம் இருவரும் ஒன்றாக மாட்டினோம். ஒரே கம்பெனி, கூரைமேல் ஒரே மாதிரிப் பெட்டி. முதலில் இரண்டு வீட்டிலும் அருவி. பிறகு மெல்ல வற்றியது. அடுத்த ஆனியில் அவன் வீட்டில் மட்டும் திரும்ப அருவி. என் வீட்டில் சொட்டு. ஒரு படம் திறப்பதற்குள் மூடுபனி வந்து, மலையை விழுங்கி, ஏப்பம் விட்டுப் போய்விடும்.

கம்பெனிக்குப் போன் போட்டேன். டவரின் தூரம், குறுக்கே மலை, மரம், கூட்டம் என்று எதையெதையோ ஒப்பித்த பெண், வேகம் இடத்துக்கு இடம் மாறும் என்றாள். வேலிக்கு அந்தப் பக்கம் வேறு தேசமா என்று கத்தினேன். (அன்று என் குரல் எந்த டவரும் இல்லாமல் வத்தலக்குண்டு வரை போனது என்பாள் என் மனைவி செல்வி.) உரைநடைக் கவிதையாகவே ஒரு புகார் எழுதி அனுப்பினேன். ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று பதில் வந்தது. கவிதைக்குக் கிடைக்கும் வழக்கமான பதில்தான்.

இந்த லட்சணத்தில் ஆவணி பிறந்தது. என் மகள் யாழினிக்குப் பிடித்த பையன் சிங்கப்பூரில் இருந்தான். அவன் அம்மா சம்மதித்தால் கல்யாணம். தாண்டிக்குடித் தோட்டத்தில் பிறந்த அந்த அம்மா, ஞாயிறு காலை வீடியோவில் எங்களைப் பார்த்துப் பேசிவிட்டு முடிவு சொல்வதாக ஏற்பாடு. பாண்டி சித்தப்பா வீட்டிலிருந்து பேசலாம் என்று யாழினி கெஞ்சினாள். என் மகளை அடுத்த வீட்டுக் காற்றில் காட்டுவதா? மறுத்துவிட்டேன்.

ஞாயிறு, தூறல். அழைப்பு வந்தது. அந்த அம்மா வணக்கம் சொன்னார். நான் கைகூப்புவதற்குள் படம் திணறியது. எழுந்து, கூரைப் பெட்டி இருந்த திசையில் முஷ்டியை ஆட்டி, “வெக்கமா இல்ல? இதெல்லாம் ஒரு பொழப்பா?” என்றேன். சரியாக அங்கே படம் உறைந்தது. ஒரு கண் மூடி, முஷ்டி ஓங்கி, முழுப் போண்டா நுழையும் அகலத்தில் வாய் பிளந்து, சிங்கப்பூர்ச் சுவரில் பெரிய டிவியில் நான்.

யாழினி போனைப் பிடுங்கிக்கொண்டு வேலியைத் தாண்டினாள். பாண்டி வீட்டு இணையம் அவள் போனுக்கு ஏற்கெனவே பழக்கம் (அது தனித் துரோகம்). விளக்கம் சொல்ல நானும் பின்னால் ஓடினேன். படம் பளிச்சென்று தெளிந்தது.

“அண்ணே, வெக்கமா இல்லையான்னு என்னையவா கேட்டீங்க?”

“ஐயோ, இல்லங்கம்மா. கம்பெனிக்காரனை.”

“அது கெடக்கட்டும். உங்களுக்குப் பின்னாடி நிக்கிற சில்வர் ஓக்குக்கு ஏன் இன்னும் கெள கழிக்கல?”

மழைக்கு முன் நிழல்மரத்தின் கிளைகளைக் கழித்துக் காப்பிச் செடிக்கு வெளிச்சம் விடுவது எங்கள் ஊர் வழக்கம். பாண்டி கழித்திருந்தான். அந்த வருடம் நான் கழிக்க விடவில்லை. அந்த மரத்தைப் பற்றி ஒரு பத்திரிகையில் கவிதை எழுதியிருந்தேன். திரும்பிப் பார்த்தேன். என் கூரைக்கும் எதிர்மலை டவருக்கும் நடுவில், மிளகுக் கொடி சுற்றி, ஈர இலைகள் சொட்ட, என் இணையத்தையெல்லாம் குடித்துக்கொண்டு கொழுகொழுவென்று நின்றது. பெட்டி மாட்டியதும் கிளை கழித்த மறுவாரம்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

இருந்தும் விட்டேனா? அது மரமல்ல, பச்சை மௌனம். மௌனத்தின்மேல் அரிவாள் வைக்கலாமா என்று உருகினேன். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார்.

“கவிதையெல்லாம் நல்லாத்தான் இருக்குண்ணே. காப்பி காய்க்குமா? தோட்டத்தையே பாக்காத வீட்டுல எப்படிச் சம்பந்தம் வைக்கிறது?”

யாழினியின் முகம் வெளுத்தது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனைத் தன் பக்கம் திருப்பினாள்.

“நாளைக்கு வெள்ளனே கழிச்சிருவோம், அத்தை.”

அந்த ‘அத்தை’யில் அவர் முகம் கொஞ்சம் இளகியது. “கழிச்சுட்டுக் கூப்பிடு. அப்புறம் தேதி பாப்போம்.”

பாண்டி ஏறி வெட்டினான். நான் கீழே கயிறு பிடித்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. ஆனாலும் என் கோபம் தீரவில்லை. உங்கள் மரம்தான் சார் என்று அந்தக் கம்பெனிப் பெண் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். (சொன்னாளாம். தூரம், மலைக்கு அடுத்து. செல்விக்கு இதெல்லாம் மட்டும் நினைவிருக்கும்.)

கல்யாணம் நடந்தது. அந்த உறைந்த படத்தை மாப்பிள்ளை பிடித்து வைத்திருந்தார். நான் கூப்பிட்டால் சம்பந்தியம்மாவின் போனில் இன்றைக்கும் தெரிவது அந்த முகம்தான். இங்கே இணையம் அருவியாய்க் கொட்டுகிறது. அதில் தினமும் முதலில் வந்து விழுவது அவர். எனக்கு வணக்கம் வைப்பதற்கு முன், போனை மரத்துப் பக்கம் திருப்பச் சொல்லுவார்.