சர்க்கரைப் பரீட்சைக்கு மகளைத் தயார் செய்த கதை

அன்பும் மதிப்பும் என்றும் குறையாத அக்காவுக்கு,

உன் தம்பி வணக்கத்துடன் எழுதுவது. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, அத்தானுக்குக் கண் கட்டைப் பிரித்துவிட்டார்களா என்பதையெல்லாம் முறைப்படி முதலில் கேட்டுவிடுகிறேன். இங்கே நானும் என் மனைவியும், உன் செல்ல மருமகள் கடுகும் சுகமாகவே இருக்கிறோம். போன வாரம் போனில் பேசியபோது கடுகுக்குச் சர்க்கரையாமே என்று நீ அழுது, நான் கோபப்பட்டு, நடுவில் சார்ஜ் தீர்ந்து, எல்லாம் பாதியில் நின்றுவிட்டது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நீ பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதில்லை, பயப்பட ஒன்றுமே இல்லை, நடந்த குழப்பத்துக்கெல்லாம் காரணம் உன் தம்பியாகிய நான் ஒருவனே என்பதை விளக்குவதே இக்கடிதத்தின் நோக்கம்.

கடுகுக்குப் பிறவியிலேயே வந்த நோயைப் பற்றி உனக்குத் தெரியும். ஆனாலும் நீ இதை அத்தானுக்குப் படித்துக் காட்டுவாய் என்பதால் சொல்கிறேன். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று பெயர். நம் உடம்புக்குள் தண்ணீராக ஓட வேண்டியது அவளுக்குப் பசையாகக் கெட்டிப்பட்டுவிடும். நுரையீரலில் சளி ஒட்டிக்கொள்ளும். அதற்குத்தான் காலையும் மாலையும் நான் அவள் முதுகில் தட்டுவது. வயிற்றுக்குள் கணையமும் அடைபடும்; அதற்குத்தான் ஒவ்வொரு வேளையும் சாப்பாட்டோடு மாத்திரை. தின்பதில் பாதி உடம்பில் சேராது என்பதால் மற்ற பிள்ளைகளைவிட அவள் நிறையத் தின்ன வேண்டும். வெண்ணெய், முட்டை, பால், பாலாடைக்கட்டி என்று உன்னிடம் எதையெல்லாம் டாக்டர் தொடாதே என்றாரோ அதையெல்லாம் இவளிடம் விடாதே என்பார்கள். இந்த ஒரு வரியை நான் அப்போதே யோசித்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

இரண்டு மாதம் முன்னால் மருத்துவமனையிலிருந்து ஒரு தாள் வந்தது. இந்த நோயுள்ள பிள்ளைகளுக்குப் பத்து வயது ஆனதும் வருடத்துக்கு ஒரு தடவை சர்க்கரை நோய் வந்திருக்கிறதா என்று பார்ப்பார்களாம், வெறும் வயிற்றோடு வந்து, ரத்தம் கொடுத்து, குளுக்கோஸ் தண்ணீர் குடித்து, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. அதற்குக் கீழே இன்னும் நான்கு வரி இருந்ததாம். நான் படிக்கவில்லை. சர்க்கரை என்ற வார்த்தையைப் பார்த்ததும் கண் அங்கேயே நின்றுவிட்டது. என் புத்தி எப்படிப் போனது தெரியுமா? இது ஒரு பரீட்சை, பரீட்சை என்றால் படித்துவிட்டுத்தானே போக வேண்டும், மூன்று வாரம் இருக்கிறது, பிள்ளையைத் தயார் செய்துவிடலாம் என்று தோன்றியது. உடனே பதினோரு வருடமாகச் சர்க்கரையோடு குடித்தனம் நடத்தும் உனக்குப் போன் போட்டேன். எதற்கு என்று சொல்லாமல் நீ என்னென்ன சாப்பிடுவதில்லை என்று மட்டும் கேட்டேன். நீயும் பாவம், என் உடம்பின் மேல் தம்பிக்கு இத்தனை அக்கறையா என்று குளிர்ந்துபோய் ஒன்று விடாமல் சொன்னாய். அந்தப் பட்டியலை அப்படியே எழுதி எடுத்து என் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். ஆகவே உன் மேல் இம்மியும் தப்பில்லை என்பதை இங்கேயே எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன்.

என் மனைவி பஸ் ஓட்டுகிறவள், விடிவதற்குள் டிப்போவில் இருக்க வேண்டும், காலைச் சாப்பாடும் மதிய டப்பாவும் என் பொறுப்பு, ஆகையால் சதி செய்ய எனக்கு இடைஞ்சலே இல்லை. ரொட்டி போனது, வெண்ணெய் போனது, பாலில் கலக்கிற மாவு போனது, அந்த இடத்தில் வெள்ளரிக்காய் வந்தது. வெள்ளரிக்காய் அலுத்ததும் வேகவைத்த பீன்ஸ் வந்தது. பிஸ்கட் டின்னை என் தோல் பைக்குள், கடை கடையாய்ப் போய்த் தராசு சோதிக்க வைத்திருக்கிறேனே அந்தப் பித்தளை எடைக்கற்களுக்குக் கீழே ஒளித்துவைத்தேன். கடுகு முதல் நாள் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு முயல் ஏதாவது வருகிறதா என்று கேட்டாள். இரண்டாம் நாள் கேட்கவில்லை. அதற்கப்புறம் கேட்கவே இல்லை, அக்கா. சாயந்திரம் வந்து பசிக்குது என்பாள், நான் தண்ணீர் குடி என்பேன், குடிப்பாள். தேறிவிடுவாள் என்று உள்ளுக்குள் எனக்குப் பெருமை வேறு.

பரீட்சை நாளும் வந்தது. மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை, நான்தான் கூட்டிப் போனேன். பிள்ளை பட்டினியாக வர நான் மட்டும் சாப்பிடுவதா என்று நானும் பட்டினி. முதலில் எடை பார்த்தார்கள். போன தடவையைவிடத் தொள்ளாயிரம் கிராம் குறைவு. நான் சும்மா இருந்திருக்கலாம். இருபத்திரண்டு வருட உத்தியோகம் இருக்க விடவில்லை. உங்கள் மெஷின் தப்பு என்று நர்ஸிடம் சொல்லி, பையைத் திறந்து, பிஸ்கட் டின்னை எடுத்துப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு, ஒரு கிலோ, இரண்டு கிலோ, ஐந்து கிலோ என்று கற்களை அந்த மெஷின் மேல் அடுக்கிக் காட்டினேன். மெஷின் ஒரு கிராம் கூடப் பிசகவில்லை. நான் சோதித்த எந்தக் கடைத் தராசும் அவ்வளவு சரியாக இருந்ததில்லை. கடுகு அந்த டின்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் ரத்தம் எடுத்தார்கள், அவள் கையை நீட்டினாள், நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன். குளுக்கோஸ் தண்ணீர் வந்தது. இரண்டு மடக்கு குடித்துவிட்டு ரொம்பத் தித்திப்பு, குமட்டுது என்றாள். இதென்ன பெரிய விஷயம், அப்பா குடித்துக் காட்டுகிறேன் பார் என்று வாங்கி வாயில் வைத்தேன். முந்தின நாள் மத்தியானம் சாப்பிட்டவன். எப்படிப் போனது என்று எனக்கே தெரியாது, பாதிக் கோப்பை காலி. நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். அது கடுகின் எடைக்கு அளந்து கலக்கியதாம், ஒரு சொட்டுக் குறைந்தாலும் கணக்குக் கெட்டுவிடுமாம். ஊரான் அளவையெல்லாம் திருத்துகிற நான், என் மகளுடைய அளவைக் குடித்துவிட்டேன். கடுகு குடித்தது கொஞ்சம்தான் என்பதால் நர்ஸ் டாக்டரைக் கேட்டுவிட்டு, புதிதாக அளந்து கொண்டுவந்தாள். என்னை மூன்று நாற்காலி தள்ளி உட்காரச் சொன்னாள். அங்கிருந்தபடியே இரண்டு மணி நேரமும் கடுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிச் சட்டை அவள் தோளில் நிற்காமல் சரிந்துகொண்டே இருந்தது. மூன்று வாரமாகப் பக்கத்தில் இருந்து பார்த்தபோது தெரியவில்லை, மூன்று நாற்காலி தள்ளித்தான் தெரிந்தது.

சாயந்திரமே போன் வந்தது. அளவு கூடுதலாக இருக்கிறது, நாளைக்கு அப்பா அம்மா இரண்டு பேரும் வாருங்கள் என்றார்கள். போனோம். டாக்டரும் சாப்பாட்டு ஆலோசகர் அம்மாவும் இருந்தார்கள். எடை ஏன் இறங்கியது, கொஞ்ச நாளாக என்ன சாப்பிடுகிறாள் என்று அந்த அம்மா கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கடுகு முந்திக்கொண்டாள்.

“அப்பா டயட்ல இருக்காரு. அவருக்குத் துணைக்கு நானும் இருந்தேன். அவர் வேண்டாம்னுதான் சொன்னாரு. நான்தான் கேக்கல.”

அந்த அம்மா என் வயிற்றைப் பார்த்தார். என் வயிறு உனக்குத் தெரியும், டயட் என்ற சொல்லையே அது காதால் கேட்டதில்லை. பத்து வயதுப் பிள்ளை எனக்காகப் பொய் சொல்லி, அதுவும் கண் இமைக்காமல் சொல்லி உட்கார்ந்திருக்கிறது. அதற்குமேல் என்னால் முடியவில்லை. சட்டைப் பையிலிருந்து உன் பட்டியலை எடுத்து மேஜை மேல் வைத்து, முதலிலிருந்து கடைசி வரை ஒப்புக்கொண்டேன்.

அந்த அம்மா திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. பட்டியலை மடித்து என்னிடமே கொடுத்தார்.

“உங்க அக்காவுக்கு இது சரிதான். உங்க அக்கா சர்க்கரை வேற, இந்தப் பிள்ளைங்களுக்கு வர்ற சர்க்கரை வேற. இவளுக்கு அதுவே வந்தாலும் சாப்பாட்டைக் குறைக்க மாட்டோம். இன்சுலின்தான் கொடுப்போம். சாப்பாடுதாங்க இவளுக்கு மருந்து.”

அத்தோடு, மாவுச்சத்தே கொடுக்காமல் வாட்டிவிட்டுத் திடீரென்று குளுக்கோஸ் கொடுத்தால் உடம்பு தடுமாறி அளவு தானாக ஏறிக் காட்டும், அதனால்தான் எப்போதும்போல நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று தாளில் நான்கு வரி எழுதியிருக்கிறோம் என்றார். நன்றாகச் சாப்பிட வைத்து மூன்று வாரம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

திரும்பி வரும்போது என் மனைவி பத்தடி முன்னால் நடந்தாள். அவள் கத்தினால் எனக்குப் பழக்கம், தாங்கிக்கொள்வேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் அடுப்படியில் போய் நின்றாள். எல்லாம் என் முட்டாள்தனம் என்று சொல்லப் பின்னாலேயே போனேன். கடுகின் மதிய டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“மூணு வாரமா இத நான் ஒரு தடவைகூடத் தொறந்து பாக்கலீங்க” என்றாள்.

அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து முட்டை அடித்தோம்.

அதற்கப்புறம் நடந்த மூன்று வாரத்தை நீ பார்த்திருக்க வேண்டும். வெண்ணெய் தடவிய ரொட்டியின் மேல் பாலாடைக்கட்டி, அதன் மேல் முட்டை, இதைச் செரிக்க மாத்திரை, மாத்திரையை விழுங்க ஒரு டம்ளர் பால். கடுகு வாயைத் திறந்தால் பேசவா சாப்பிடவா என்று கேட்டுவிட்டுத்தான் திறக்கிறாள். அறுநூறு கிராம் ஏறியாகிவிட்டது, வீட்டிலேயே என் கற்களை வைத்துச் சரிபார்த்த மெஷினில் பார்த்தேன். முந்தாநாள் இரண்டாவது பரீட்சையும் முடிந்தது. நர்ஸ் என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டாள், கோப்பை இருக்கிற அறைக்குள் நான் வரக்கூடாதாம். முடிவு இன்றோ நாளையோ வரும். வருவதற்கு ஒன்றுமில்லை. முதல் தடவை அளவு ஏறியது என் வெள்ளரிக்காயால், எடை இறங்கியதும் என் வெள்ளரிக்காயால். குற்றவாளி பிடிபட்டான், திருந்தியும்விட்டான். ஆகவே கடுகுக்குச் சர்க்கரையும் இல்லை ஒன்றும் இல்லை. நீ நிம்மதியாக உன் மாத்திரையைப் போட்டுக்கொண்டு அத்தானைக் கவனி. உறவில் யாருக்கும் இதைச் சொல்லாதே, முக்கியமாகச் சின்ன அத்தைக்கு. அவளுக்குச் சொன்னால் நோட்டீஸ் அடித்து ஒட்டியது மாதிரி.

அத்தானுக்கு என் நமஸ்காரம், பிள்ளைகளுக்கு ஆசி, உனக்கு எதைச் சொல்வது, நீ எனக்குச் சொல்ல வேண்டியவள். உன் கை என் தலை மேல் எப்போதும் இருக்கட்டும்.

உன் அன்புத் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் போன் வந்துவிட்டது. போய்விட்டு இப்போதுதான் வந்தோம். மேலே எழுதியதை அடிக்க வேண்டும், அடிக்க மனசு வரவில்லை, அப்படியே இருக்கட்டும். இரண்டாவது தடவையும் அளவு அதேதான், அக்கா. சர்க்கரைதான். நான் உடனே, நான் பட்டினி போட்டதால் வந்ததா என்று கேட்டேன். டாக்டர் போன வருடத்து எடைத் தாள்களையெல்லாம் எடுத்துப் போட்டார். எட்டு மாதமாகவே அவள் எடை ஏறவில்லை. “உங்க வெள்ளரிக்காய்க்கு முன்னாடியே இது வர ஆரம்பிச்சிருச்சு சார், நீங்க வரவழைக்கல” என்றார். வருடாவருடம் பார்ப்பதே இதற்குத்தானாம், இந்தச் சர்க்கரை சத்தம் போடாமல் வந்து உட்கார்ந்து பிள்ளையை இளைக்க வைக்குமாம், இன்சுலின் போட்டால் தின்றது உடம்பில் சேரும், நெஞ்சுக்கும் நல்லது என்றார். குற்றவாளி நான் இல்லை என்று விடுதலை ஆகியும் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. நானாக இருந்திருந்தால் திருந்திவிட்டால் தீர்ந்திருக்குமே என்று இருந்தது.

கடுகு ஊசியா என்று மட்டும் கேட்டாள். இந்த நோயுள்ள பிள்ளைகளை ஒரே அறையில் விடமாட்டார்கள், ஒருத்தர் நெஞ்சிலிருக்கிற கிருமி இன்னொருத்தருக்கு ஆகாது, அதனால் ஆளுக்கொரு அறை, கதவில் கண்ணாடி. எதிர் அறையில் பதினாறு பதினேழு வயதுப் பெண் ஒருத்தி, எங்கள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாளோ என்னவோ, கடுகைப் பார்த்துக் கண்ணாடியில் தட்டினாள். பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்தாள். எழுதுகிற பேனா இல்லை, இன்சுலின் பேனா. சட்டை நுனியைத் தூக்கினாள், வயிற்றில் வைத்தாள், எடுத்தாள், பல் தேய்ப்பது மாதிரி முடித்துவிட்டாள். அப்புறம் தன் முகத்தளவு க்ரீம் பன் ஒன்றை எடுத்து, எங்களைப் பார்த்துக்கொண்டே ஒரே கடியில் பாதியைக் கடித்தாள். மூக்கிலெல்லாம் க்ரீம்.

கடுகு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா, எனக்கும் அதே பன்தான் வேணும்” என்றாள்.

அவள் அம்மா அப்போதே போய், மூன்று கடை ஏறி இறங்கி வாங்கி வந்துவிட்டாள். நீ முதல் பஸ்ஸைப் பிடித்து வா, அக்கா.