கோவிந்துவை எடுத்துவிடுங்கள்

யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால், எதற்குச் சிரித்தார் என்று இரண்டு நாள் யோசிக்கிற ஆள் நான். (இப்போது தேறிவிட்டேன், அரை நாளில் முடித்துவிடுகிறேன்.) இந்தக் குணத்தால் ஒருமுறை திருப்பதியில் ஒரு லாட்ஜையே கதிகலங்க வைத்தேன்.

விஜயபுரம் பக்கத்தில் எங்கள் ஊரிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்குப் போன முதல் ஆள் நான்தான். திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு பாத்திரக்கடை மாடியில் எட்டுப் பேர் கொண்ட கம்பெனி. லாட்ஜ்களுக்கு ரூம் புக்கிங் சாப்ட்வேர் செய்தோம். எனக்கு டெஸ்டிங் வேலை. அடுத்தவர் எழுதிய புரோகிராமில் தப்பு கண்டுபிடிக்க வேண்டும். சந்தேகப்படுவதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்றதும், இது எனக்காகவே உண்டாக்கிய வேலை என்று நினைத்தேன். கோவிந்தசாமி என்ற என் பெயரை முதல் நாளே கோவிந்து என்று சுருக்கிவிட்டார்கள். அதையும் சந்தேகப்பட்டேன்.

ஆறு மாதம் கழித்து, பெங்களூரிலிருந்து சுனிதா மேடம் டீம் லீடாக வந்தார். கூடவே அஜைல் என்ற புது வேலை முறையும் வந்தது. தினமும் காலையில் எல்லோரும் வட்டமாக நிற்க வேண்டும். நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்யப் போகிறாய், உனக்கு எது தடை? மூன்று கேள்விகள். போலீஸ் ஸ்டேஷனில்கூட உட்கார வைத்துக் கேட்பார்கள் என்று மனதுக்குள் திட்டினேன்.

சுவரில் ஒரு போர்டு. செய்ய வேண்டியது, டெஸ்டிங், முடிந்தது என்று மூன்று கட்டங்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மஞ்சள் சீட்டு. நான் சோதித்துச் சரி என்று நகர்த்தினால்தான் சீட்டு முடிந்தது கட்டத்துக்குப் போகும். இவ்வளவு அதிகாரத்தை என்னிடம் எதற்குத் தருகிறார்கள்? மாட்டிவிடத்தான்!

சந்தேகம் எனக்கு வானத்திலிருந்து விழவில்லை. என் நைனா வேர்க்கடலைக் காட்டில் கூலிக்குப் போன நாட்களில், நாளையிலிருந்து வராதே என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்களாம். காலையில் போய் நின்றால் அவருடைய மண்வெட்டி வேறொருவன் கையில் இருக்குமாம். நானும் என் நாற்காலி காலியாக இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் தினமும் உள்ளே நுழைவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், மாடிப்படியில் மேடத்தின் குரல் கேட்டது. புரோகிராம் எழுதும் ரமணாவிடம் தெலுங்கில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ரமணா, கோவிந்துனி தீசேய். சோமவாரம் ஓனர்காரு வச்சேலோபு வாடு எக்கடா கனபடகூடது."

கோவிந்துவை எடுத்துவிடு, திங்கட்கிழமை லாட்ஜ் ஓனர் வருவதற்குள் அவன் எங்கேயும் கண்ணில் படக்கூடாது என்று அர்த்தம்.

"மொத்தம் தீசேஸ்தா மேடம்" என்றான் ரமணா. அடியோடு எடுத்துவிடுவானாம். நேற்றுத்தான் என் டிபன் பாக்ஸிலிருந்து இரண்டு இட்லி தின்றவன்.

உள்ளே போனேன். ஒரு மணி நேரத்தில் போர்டில், டெஸ்டிங் கட்டத்தில் ரமணா புதுச் சீட்டு ஒட்டினான். "கோவிந்து டெலீட்." என்னை வேலையை விட்டுத் தூக்குவதை நானே சோதித்துச் சரி என்று சொல்ல வேண்டுமா? ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சீட்டைப் பிய்த்து முடிந்தது கட்டத்தில் அறைந்துவிட்டு பஸ் ஏறினேன்.

வீட்டில் நைனா என்னைப் பார்த்ததுமே கேட்டார்.

"இன்னாடா, மூஞ்சிய தொங்கப் போட்டுக்கினு வந்துகீற? வேல பூட்ச்சா?"

"திங்கக்கெழம எடுக்கறாங்க நைனா."

"அப்ப நீ முந்திக்கோ. அவுங்க சொல்றதுக்கு முன்னாடி நீயே சொல்லிட்டு வந்துடு. தடாவுல ஒரு கம்பெனில நான் கேட்டு வெக்கறேன்." ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊர் முழுக்கத் துக்கம் விசாரித்துவிட்டது.

திங்கள் காலை, லாட்ஜ் ஓனர் எங்கள் வேலையைப் பார்க்க வந்து உட்கார்ந்திருந்தார். எல்லோரும் வட்டமாக நின்றோம். என் முறை வந்தது.

"மேடம், நேத்து நான் ஒண்ணும் செய்யல. இன்னிக்கும் ஒண்ணும் செய்ய மாட்டேன். எனக்குத் தடை நீங்கதான். கோவிந்துவ எடுக்கச் சொன்னீங்களே, கோவிந்து தானாவே போறான்."

 ஓனர் லேப்டாப்பில் தன் பெயரைப் போட்டு உள்ளே நுழையப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார். "அம்மா, இப்படி ஒரு ஆளே இல்லன்னு சொல்லுது."

ஓனரின் பெயரும் கோவிந்து.

அப்போதே லாட்ஜிலிருந்து போன். காலையில் மலையிலிருந்து வந்து இறங்கிய கோவிந்து ஒருவருக்கும் புக்கிங் இல்லையாம். ஏழு குடும்பங்கள் வரவேற்பறையில் மொட்டைத் தலையோடு நிற்கிறார்களாம்.

விஷயம் இதுதான். சோதனைக்காகப் போலி விருந்தாளிகளைப் பதிவு செய்தவன் நான். சோம்பேறித்தனத்தில் என் பெயரையே வைத்தேன், கோவிந்து ஒன்று முதல் கோவிந்து நாற்பது வரை. அதுவும் லாட்ஜின் நிஜப் பதிவுகளுக்கு நடுவிலேயே. அந்த நாற்பது பேரை அழிக்கத்தான் ரமணா புரோகிராம் எழுதினான். அது கோவிந்து என்று தொடங்கும் எல்லோரையும் அழித்தது. திருப்பதியில்! ஒரே ஒரு நிஜ கோவிந்துவை வைத்து நான் சோதித்திருந்தால் ஐந்து நிமிடத்தில் பிடிபட்டிருக்கும். முடிந்தது என்று சீட்டு சொன்னதால் ரமணா அன்று காலையில் நம்பி புரோகிராமை ஓட்டிவிட்டான்.

ரமணா பழைய நகலிலிருந்து எல்லோரையும் மீட்கும்வரை, மத்தியானம் வரை, லாட்ஜில் நின்று ஒவ்வொரு கோவிந்துவிடமும் மன்னிப்புக் கேட்டேன்.

சாயங்காலம் மேடம் திட்டவில்லை. "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, கோவிந்து?" என்றார். கேட்டால் பதில் சொல்வார்கள் என்பதே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அதை அவரிடம் சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. மறுநாள் எட்டிப் பார்த்தபோது என் நாற்காலி எனக்காகக் காலியாகத்தான் இருந்தது. போர்டில் மட்டும் புது விதி, இரண்டு பேர் பார்க்காமல் எந்தச் சீட்டும் முடிந்தது கட்டத்துக்குப் போகாது.

இன்று எனக்குக் கீழே பத்து டெஸ்டர்கள் இருக்கிறார்கள். வீட்டில் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், நைனா என் மனைவியைக் கூப்பிட்டுச் சொல்வார்:

"யம்மா, அவன் இன்னாத்தையோ நெனச்சிக்கினு கீறான். இன்னான்னு கேட்டுடு தாயி. கேக்காத வுட்டா, ஊர்ல கீற கோவிந்து அத்தினி பேரையும் அழிச்சிடுவான்."