பச்சைக்கண் அம்மனும் பதினான்கு பிள்ளைகளும்

பச்சைக்கண் அம்மன் எங்கள் ஊரில் அவதரித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு. அவ்வளவு துல்லியமாக எப்படித் தெரியும் என்றால், அம்மனை ஏற்றி வந்த லாரியின் டிரைவர் எங்கள் பிக்கப் வண்டி ஸ்டாண்டில்தான் இறங்கி வழி கேட்டான். நகராட்சிக் கிட்டங்கி எந்தப் பக்கம் என்று நான்தான் கை காட்டினேன். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

அம்மன் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஓர் இரும்புக் கம்பம். உச்சியில் ஒரு கறுப்புப் பலகை. பலகையில் பச்சை வெளிச்சத்தில் ஓர் எண். கடைத்தெருவிலிருந்து ஆஸ்பத்திரி வரை எங்கள் ஊர் மெயின் ரோட்டில் ஐந்து சிக்னல்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் இப்படி ஒரு கம்பத்தை நட்டுவிட்டு, பாங்காக்கிலிருந்து வந்த இன்ஜினியர்கள் சுட்ட கோழியும் ஒட்டரிசிச் சோறும் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். எண் ஒரே இடத்தில் நிற்காது. இப்போது 42 காட்டும். கொஞ்ச நேரத்தில் 38. அப்புறம் 45. எண்ணுக்குக் கீழே இரண்டு வரி எழுதியும் வைத்திருந்தார்கள்.

அந்த இரண்டு வரியை யார் படித்தார்கள்? தாய்லாந்தின் வடகிழக்கில் இருக்கிற ஈசான்காரன் கண்ணில் இரண்டு இலக்க எண் ஒன்று பட்டுவிட்டால் அதற்கப்புறம் அவனுக்கு எழுத்து தெரியாது. மாதம் ஒன்றாம் தேதியும் பதினாறாம் தேதியும் லாட்டரி குலுக்கல். வாழைமரம் கோணலாகக் குலை தள்ளினால்கூட அதன் தண்டில் பவுடர் தேய்த்து எண் தேடுகிற ஆட்கள் நாங்கள். அப்படிப்பட்ட எங்களிடம் ஒரு கம்பம் தானாகவே, அதுவும் மின்சார வெளிச்சத்தில், எண்ணைக் காட்டினால் விடுவோமா?

பதினாறாம் தேதி மீன் உருண்டை விற்கிற லம்துவன் என்கிற பெண்ணுக்கு 42 விழுந்தது. அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் கம்பத்துக்கு மூன்று நிறத்தில் துணி கட்டினார்கள். அடியில் பத்துப் பாட்டில் சிவப்பு சோடா, ஒவ்வொன்றிலும் ஸ்ட்ரா போட்டு. அம்மன் வாய் வைத்துக் குடிக்க மாட்டாள் போலிருக்கிறது. அடுத்த வாரம் சாமந்தி மாலைகள் பலகையின் கீழ்ப்பாதி வரை ஏறிவிட்டன. எழுதியிருந்த இரண்டு வரியும் மாலைக்குள் மறைந்தது. எண் மட்டும் தெரிந்தது. எங்களுக்கு அதுதானே வேண்டும்.

சாமி வந்துவிட்டால் பூசாரி வராமல் இருப்பாரா? வந்தார். பெயர் ஆசான் பூவடோன். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட், கழுத்தில் புளியங்கொட்டை அளவில் மணிகள். முன்னே வாரச்சந்தையில் கரப்பான் பூச்சி மருந்து விற்றவர் என்று சிலர் சொன்னார்கள். அந்த மருந்தைத் தின்ற கரப்பான்கள் நன்றாகக் கொழுத்தன என்றும் சொன்னார்கள். அதையெல்லாம் யார் கேட்டார்கள். முதல் கம்பத்துக்குப் பக்கத்தில் குடை விரித்தார், ஒலிபெருக்கி வைத்தார், தாயத்து விற்க ஆரம்பித்தார்.

"இது வெறும் லாட்டரி எண்ணுன்னு நெனச்சீங்களா?" என்றார் ஒலிபெருக்கியில். "அம்மா பேசுறா. இந்தத் தாயத்தக் கண்ணாடியில மாட்டிக்கிட்டு, அம்மா காட்டுற எண்ணுக்கு மேல ஒரு புள்ளி ஏறாம வண்டிய ஓட்டுங்க. சிக்னல் சிக்னலா பச்சக் கண்ணத் தொறப்பா. அந்த எண்ணத் தாண்டுனீங்கன்னா அவளுக்குக் கோவம் வரும். கண்ணு செவந்துரும்."

நான் வாங்கினேன். ஒளிப்பானேன், முதல் படித் தாயத்து நூற்றுத் தொண்ணூற்றொன்பது பாட். கடைத்தெரு, ஆஸ்பத்திரி வழியில் இரட்டைப் பெஞ்சு போட்ட பிக்கப் வண்டி ஓட்டுகிறவன் நான். ஐந்து சிக்னலில் நான்கில் நின்று நின்று, கிளப்பிக் கிளப்பியே வண்டி ஓடுகிற கேஸ் தீர்ந்துவிடும். தாயத்தை மாட்டினேன். பலகை 42 என்றது. 42-இல் போனேன். பச்சை. அடுத்தது 39 என்றது. 39-இல் போனேன். பச்சை. ஐந்தும் பச்சை. ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தியபோது எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. வாரத்துக்கு மூன்று தடவை கேஸ் பிடித்தவன் இரண்டு தடவையில் நிறுத்தினேன். அடுத்த நாளே இரண்டாம் படித் தாயத்தும் வாங்கினேன். அது எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இதில் ஏமாறாதவள் ஒருத்தி இருந்தாள். பிரயோங். ஐஸ் கம்பெனி வண்டி ஓட்டுகிறவள். அவள் வண்டி போன தடத்தில் தண்ணீர்க் கோடு இருக்கும். ஒவ்வொரு சிவப்பு விளக்குக்கும் ஐஸ் உருகும். உருகிய ஐஸுக்கு நூடுல்ஸ் கடைக்காரன் காசு தர மாட்டான், திட்டு மட்டும் தருவான். அதனால் கம்பம் நட்ட முதல் நாளே அந்த இரண்டு வரியைப் படித்தவள் ஊரில் அவள் ஒருத்திதான். எங்களிடம் சொல்லவும் சொன்னாள். "நீ பொம்பள, உனக்கு லாட்டரி ராசி இல்ல, பொறாம," என்று நாங்கள்தான் வாயை அடைத்தோம்.

இதோடு நின்றிருந்தால் இந்தக் கதையை நான் எழுதியிருக்க மாட்டேன். பூவடோன் அள்ளிக்கொண்டு போயிருப்பார், நாங்களும் மெதுவாகப் போய் கேஸ் மிச்சம் பிடித்திருப்போம். ஆனால் எல்லாரும் முதல் இரண்டு படியும் வாங்கி முடித்தபின் அவருக்கு வியாபாரம் படுத்தது. வாங்கியவர்களிடமே மறுபடி விற்க வேண்டும். அதற்காக மூன்றாம் படியைக் கண்டுபிடித்தார்.

"மூணாம் படிக்காரனுக்கு வேகக் கணக்கு கெடையாது," என்றார். "அறுவதுல போ, எழுவதுல போ. செவப்பு எரிஞ்சாலும் அது மத்தவனுக்குத்தான். உனக்கு அம்மா வழி விட்டாச்சு."

அதை வாங்கிய முதல் ஆள் புன்லெர்ட். நல்ல மனுஷன், கோழிக்குக்கூட வழி விட்டு ஓட்டுகிறவன். காலையில் தன் பிக்கப்பில் பதினான்கு பிள்ளைகளை ஏற்றிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போவான். மழை நாளில் இரண்டு தடவை தாமதமாகிவிட்டது, ஹெட்மிஸ்ட்ரஸ் பிள்ளைகள் முன்னாலேயே கத்திவிட்டாள். அந்த அவமானத்தில் போய் மூன்றாம் படியை வாங்கிவிட்டான். வெள்ளிக்கிழமை காலை ஆஸ்பத்திரி சிக்னலில் சிவப்பு. புன்லெர்ட் பிரேக்கைத் தொடவில்லை. குறுக்கே வந்த காய்கறி மோட்டார் சைக்கிள்காரர் எப்படியோ வளைத்து நடைபாதையில் ஏறினார். முட்டைக்கோஸ் ரோடெல்லாம் உருண்டது. புன்லெர்ட் ஸ்டாண்டுக்கு வந்து நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான்:

"ஒரு கீறல் இல்லண்ணே. மூணாம் படின்னா சும்மாவா?"

நாங்கள் ஆகா என்றோம். இப்போது நினைத்தால் எனக்கே என்னை அறைய வேண்டும் போலிருக்கிறது. பின்னால் பெஞ்சில் பதினான்கு பிள்ளைகள் இருந்தார்கள். அதில் ஒருத்தி பிரயோங்கின் மகள். அவள் வீட்டுக்குப் போய், "அம்மா, இன்னைக்கு மாமா செவப்புல நிக்கவே இல்ல, ஜாலியா இருந்துச்சு," என்று சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் சனிக்கிழமை. முதல் கம்பத்தடியில் பூவடோனின் பூசை. இருநூறு பேர் இருப்போம். ஐஸ் வண்டி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே கூட்டத்துக்குள் நுழைந்து கம்பத்தை ஒட்டி நின்றது. பிரயோங் இறங்கினாள்.

"ஆசானே, ஒரு சந்தேகம். எங்கிட்ட தாயத்து இல்ல. நானும் தெனம் அஞ்சு பச்சையிலதான் போறேன். அது எப்படி?"

பூவடோன் சிரித்தார். "உன் மனசுல உள்ள பக்தியம்மா அது. உனக்கே தெரியாது."

"பக்தியெல்லாம் இல்ல. வண்டி நெறைய ஐஸ்தான் இருக்கு." சொல்லிக்கொண்டே வண்டியின் கூரை மேல் ஏறிவிட்டாள். கையில் ஐஸ்கட்டி இழுக்கிற கொக்கி. மாலைகளைக் கொக்கியில் மாட்டி ஒரு இழு. சாமந்தி பொலபொலவென்று ஆசானின் தலையில் கொட்டியது. பலகையின் கீழே இருந்த இரண்டு வரியை அவள் ஊருக்கே கேட்கும்படி படித்தாள்:

"இந்த வேகத்தில் செல்லுங்கள். அடுத்த விளக்கு பச்சையாக இருக்கும். எரிபொருளைச் சேமியுங்கள்."

லம்துவன் மெதுவாகக் கேட்டாள், "அப்போ இது லாட்டரி இல்லையா?"

"சிக்னல்ல கடிகாரம் இருக்குடீ. எப்போ பச்ச விழும்னு அதுக்குத் தெரியும். எந்த வேகத்துல வந்தா நிக்காம போலாம்னு கணக்குப் போட்டுச் சொல்லுது. நின்னு கெளப்புறதுலதான் கேஸ் கரியாகுது. தாயத்த மாட்டு, இல்ல செருப்ப மாட்டு, அந்த வேகத்துல போனா பச்சதான்."

ஆள் அசந்துபோவார் என்று நினைத்தேன். பூவடோன் தோளிலிருந்த பூவைத் தட்டிவிட்டார், ஒலிபெருக்கியைக் கிட்டே இழுத்தார். "அந்த ரெண்டு வரிய இன்ஜினியர் மனசுல இருந்து எழுத வெச்சது யாரு? அம்மா."

கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது. எங்களைச் சொல்லிக் குற்றமில்லை. காசு கொடுத்து வாங்கியவனுக்கு அது பொய்யென்று ஒப்புக்கொள்ள மனசு வருமா?

பிரயோங் வாதாடவில்லை. கூரையிலிருந்து இறங்கினாள். "சரி ஆசானே. அம்மாவே எழுதுனதா இருக்கட்டும். மூணாம் படிக்குச் செவப்பு கெடையாதுன்னு நீங்கதான சொன்னீங்க? வாங்க, புன்லெர்ட் வண்டியில முன் சீட்ல உக்காருங்க. எம்மவள உக்கார வெச்ச வண்டி அது. நீங்க உக்கார மாட்டீங்களா?"

"இன்னைக்கு நாள் சரியில்லம்மா."

"நேத்து பிள்ளைங்க போனப்ப நாள் சரியா இருந்துச்சா?"

கூட்டத்துக்குக் குஷி பிறந்துவிட்டது. ஆசானின் மகிமையைக் கண்ணால் பார்க்கலாம் அல்லவா. "ஏறுங்க ஆசானே" என்று நாங்களே அவரைத் தூக்காத குறையாகக் கொண்டுபோய் முன் சீட்டில் திணித்தோம். புன்லெர்ட் பெருமையோடு ஸ்டியரிங்கைப் பிடித்தான். பிரயோங் கதவோரம் உட்கார்ந்தாள். நானும் நாலு பேரும் பின்னால் ஏறினோம். நடுவிலிருந்த கண்ணாடி ஜன்னல் திறந்திருந்ததால் முன்னால் பேசியதெல்லாம் எனக்குக் கேட்டது.

முதல் நான்கு சிக்னலும் பச்சை, ஏனென்றால் பிரயோங் பலகை சொன்ன வேகத்திலேயே போகச் சொன்னாள். ஆசானுக்கு முகம் தெளிந்தது. நான்காவது தாண்டியதும் அவள், "இப்போ மூணாம் படி. எழுவதுல போ," என்றாள். புன்லெர்ட் மிதித்தான். ஆஸ்பத்திரி சிக்னல் தெரிந்தது. சிவப்பு. குறுக்கு ரோட்டில் ஒரு கரும்பு லாரியின் மூக்கு தெரிந்தது.

"கொஞ்சம் மெதுவாப் போப்பா," என்றார் பூவடோன்.

"நீங்கதான் வேகக் கணக்கு இல்லன்னீங்க ஆசானே," என்றான் புன்லெர்ட். அவன் கேலி செய்யவில்லை. நிஜமாகவே நம்பினான்.

"செவப்புப்பா அது."

"மத்தவனுக்குத்தான ஆசானே?"

கரும்பு லாரி ஹாரன் அடித்தது. பூவடோன் கழுத்து மணியைப் பிடிக்கவில்லை, அம்மனைக் கூப்பிடவில்லை. இரண்டு கையாலும் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு அலறினார்:

"பிரேக்க அடிடா நாயே, செத்துருவோம்டா."

பிரயோங் கைப்பிரேக்கை இழுத்தாள், புன்லெர்ட் காலால் மிதித்தான். வண்டி கோட்டுக்கு முன்னால் நின்றது. நாங்கள் பின்னால் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தோம். அப்போதுதான் பார்த்தேன், கரும்பு லாரியைப் போக்குவரத்துப் போலீஸ் சார்ஜென்ட் தவீ கை காட்டி முன்பே நிறுத்தி வைத்திருந்தார். பிரயோங் காலையிலேயே சொல்லி ஏற்பாடு செய்திருக்கிறாள். பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் இதையெல்லாம் செல்போனில் நேரலையாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் படி கண்டுபிடித்தவரின் பேன்ட் இப்போது முழு வெள்ளையாக இல்லை என்பதும் அதில் தெரிந்தது.

பூவடோன் இறங்கிக் குறுக்குச் சந்தில் நடந்தார். நடை ஓட்டமானது. சார்ஜென்ட் தவீ பின்னாலேயே போய்ப் பிடித்தார். பிடிக்கிறபோது சார்ஜென்ட் தம் சட்டைப் பையிலிருந்த முதல் படித் தாயத்தை அவசரமாக எடுத்து ஓடையில் போட்டதை நான் பார்த்தேன்.

புன்லெர்ட் மட்டும் ஸ்டியரிங்கை விடவில்லை.

"அவரே நிறுத்தச் சொன்னாருக்கா," என்றான். "அவருக்கே பயம். நேத்து நான் நிறுத்தல. பின்னால பதினாலு பேரு. நான் நிறுத்தலக்கா." அதற்குமேல் பேச முடியாமல் அழுதான். நாற்பத்தாறு வயது ஆள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. நேற்று ஆகா என்று சொன்னவர்களில் நானும் ஒருவன்.

பிரயோங்குக்கு அவன்மேல் கோபம் இருந்தது. இருந்தும் அவன் தோளில் கை வைத்தாள். "திங்கக்கெழமை எம்மவ உன் வண்டியிலதான் வருவா. செவப்புல நிப்பியா?"

"நிப்பேன்க்கா."

"லேட்டானா ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட நான் பேசிக்கிறேன்."

அவன் தாயத்தைக் கழற்றி அவள் கையில் கொடுத்தான். அவள் அதைப் பார்த்துவிட்டு, "உள்ள கரப்பான் மருந்து வாசன அடிக்குது," என்று தூர எறிந்தாள்.

இந்த நேரத்தில் லம்துவன் மூச்சிரைக்க ஓடி வந்தாள். எல்லாரும் நலமா என்று கேட்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். அவள் வண்டியின் வேகமானியை எட்டிப் பார்த்தாள். "பிரேக் அடிக்கிறப்ப எவ்வளவு காட்டுச்சு? எழுவதா, எழுவத்தொண்ணா?"

ஐயா, இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சாமி கும்பிட இரண்டு கை வேண்டும். ஸ்டியரிங் பிடிக்கவும் இரண்டு கை வேண்டும். நமக்கு இருப்பது மொத்தமே இரண்டு. பின்னால் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும்போது அவற்றை எதற்குக் கொடுப்பது என்று நீங்களே யோசியுங்கள். யோசிப்பதற்குத் தாயத்து தேவையில்லை.