நாலே வருஷம்தான், கவலையை விடுங்கள்!

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கெல்லாம் கல்யாண மண்டபம் நிரம்பி வழிந்தது. உள்ளே கல்யாணம் எதுவும் நடக்கவில்லை. வந்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கல்யாணமே செய்துகொள்ளாதவர்கள். மீதிப் பேர் செய்துகொண்டு பிறகு தனியானவர்கள். எல்லாருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. எல்லார் கையிலும் ஒரு ஃபைல், எல்லார் முகத்திலும் ஒரே கேள்வி: ரிட்டயர் ஆன பிறகு நம்ம கதி என்ன?

பதில் சொல்ல மேடையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் பெயர் யாருக்கும் தெரியாது. 'தேதி ஐயா' என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட், வெள்ளைச் செருப்பு. மனசு என்ன நிறம் என்பதை மட்டும் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்.

"தனி ஆளு ஓய்வுக்காலத்துக்குத் திட்டம் போடறதுல ஒரே ஒரு சிக்கல்தான்" என்று மைக்கில் குழைந்தார் ஐயா. "எத்தனை வருஷத்துக்குப் போடறது? பத்தா? முப்பதா? உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்!"

மண்டபம் அதிரக் கைதட்டல். நீ சாகும் தேதியைச் சொல்கிறேன் என்கிறவனுக்குக் கைதட்டல்!

வழிமுறை சுலபம். கையை மையில் தோய்த்து ஒரு தாளில் பதிக்க வேண்டும். நடமாட முடியாதவர்கள் வீட்டிலேயே பதித்துக் கொடுத்தனுப்பலாம். தாளின் அடியில் நாலு கேள்விகள்: வயது என்ன, வாரிசு உண்டா, சொந்த வீடு உண்டா, சேமிப்பு எவ்வளவு? ஐயா ஆளைப் பார்க்க மாட்டார். முகத்தைப் பார்த்தால் இரக்கம் வந்து தேதி தள்ளிப்போய்விடுமாம். மூன்றே நாளில் அழகான அட்டையில் உங்கள் கடைசித் தேதி வந்துவிடும்.

கைரேகைக்கும் சொந்த வீட்டுக்கும் என்ன சம்பந்தம்? ஒருவரும் கேட்கவில்லை. அரை டஜன் பட்டன் வாங்கக் கடைக்காரனை அரை மணி நேரம் குடைகிறவர்கள்தான் எல்லாரும்.

நம் தையல் டீச்சரும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளுக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். இன்னும் இரண்டு மாதத்தில் ஓய்வு. கணவர், பிள்ளை என்று யாரும் இல்லை. சொந்தமாக இரண்டு அறை வீடு மட்டும் உண்டு. அட்டை காலையில் வந்தது. அன்று சாயங்காலம் மாடிப்படியேறி ஓடி, மேல்வீட்டு நர்ஸின் கதவைத் தட்டினார்.

"நாலே வருஷம்தானாம்மா! நாலு வருஷம் ரெண்டு மாசம்! அப்பாடா!"

நர்ஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னக்கா, ரிப்போர்ட் ஏதாவது வந்துச்சா? எந்த டாக்டரு?"

"டாக்டரா? தேதி ஐயா சொன்னாரு. படுத்த படுக்கையாக் கிடந்தா யாரு பாப்பான்னு பத்து வருஷமா எனக்குத் தூக்கமே இல்ல. இப்ப நிம்மதி. வர்ற ஞாயித்துக்கிழமை வீட்டை ஐயாவோட முதியோர் இல்லத்துக்கு எழுதிக் கொடுத்துட்டா, அந்த நாலு வருஷமும் அவங்களே வச்சுப் பாத்துக்குவாங்களாம்."

டீச்சர் அதற்குள் முழுமூச்சாக வேலையில் இறங்கியிருந்தார். கணக்கைப் பார்த்து நாலு வருஷத்துக்குப் புடவை எடுத்தாயிற்று. உடைந்த பல்லுக்கு உறை போடப் போனவர், அது பதினைந்து வருஷம் தாங்கும் என்று பல் டாக்டர் சொன்னதும், "அவ்வளவு நாள் எனக்கெதுக்கு?" என்று எழுந்து வந்துவிட்டார். ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருந்தார்.

நர்ஸ் சிரிக்கவில்லை. அவரும் தனி ஆள்தான். அந்தப் பயம் அவருக்கும் தெரியும்.

"வேற யாருக்கெல்லாம் அட்டை வந்திருக்கு?"

"எங்க ஸ்கூல் கிளார்க் அம்மாவுக்கு மூணு வருஷம். மாடி வீடு கட்டுனாங்களே, பாவம். லைப்ரரிக்காரருக்கு அஞ்சு. கல்யாண மண்டபத்து வாட்ச்மேனுக்குத்தான் யோகம், தொண்ணூத்தாறு வயசு வரைக்கும் இருப்பானாம்!"

"வாட்ச்மேனுக்குச் சொந்த வீடு இருக்கா?"

"ஏது? வாடகைதான்."

"அதென்னக்கா வியாதி? சொந்த வீடு இருக்கறவங்களை மட்டும் பாத்துப் பாத்துத் தூக்குது?"

டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. "உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்!"

"ஆமா, சந்தேகம்தான். கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி எனக்கு அஞ்சு நிமிஷம் குடுங்க. அப்புறம் உங்க இஷ்டம்."

நர்ஸ் வேலை பார்ப்பது நர்சிங் கல்லூரியின் பயிற்சி அறையில். மறுநாள் இரண்டு தாள் வாங்கி, வீட்டிலேயே கை பதித்து, ஐயாவின் ஆபீசில் சேர்த்தார். ஒன்று சித்தி: வயது அறுபது, வாரிசு இல்லை, சொந்த வீடு இரண்டு. இன்னொன்று பெரியம்மா: அதே அறுபது, வாரிசு இல்லை, சொந்தம் என்று சொல்ல ஒரு செருப்பு மட்டும். மூன்றாம் நாள் அட்டைகள் வந்தன, கை பதித்த தாள்களும் கூடவே திரும்பி வந்தன.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் வக்கீல், பத்திரம், பேனா எல்லாம் தயார். டீச்சர் பேனாவைக் கையில் எடுத்ததும் நர்ஸ் ஒரு துணிப்பையோடு மேடையேறி மைக்கை வாங்கினார்.

"ஐயா, எங்க சித்திக்கு ரெண்டு வருஷம்னு போட்டிருக்கீங்க. பெரியம்மாவுக்குத் தொண்ணூத்தி நாலு வயசுன்னு போட்டிருக்கீங்க. ரெண்டு கையையும் நல்லாப் பாத்தீங்களா?"

"ஒவ்வொரு ரேகையா பாத்தேம்மா" என்றார் ஐயா, கண்ணை மூடிக்கொண்டு. "உங்க சித்தி ரொம்பப் பட்டவங்க. வாழ்க்கை பூரா வலி."

"கரெக்டு ஐயா. தினமும் நாப்பது பொண்ணுங்க ஊசியால குத்துறாங்க."

துணிப்பையைத் திறந்தார். ஊசி போடப் பழகும் ரப்பர் கை ஒன்று, தோள்பட்டையோடு, மேஜைமேல் வந்து படுத்தது.

"இதுதான் எங்க சித்தி. பெரியம்மாவும் இதுதான்."

எல்லார் கண்ணெதிரிலும் அதை மையில் தோய்த்து வெள்ளைத் தாளில் ஒரு அழுத்து அழுத்தினார். தாள் கைமாறிக் கைமாறிப் போனது. சித்தியின் தாளிலும் பெரியம்மாவின் தாளிலும் அதே ரேகை, கட்டைவிரலில் அதே ஊசி ஓட்டை.

"ரப்பருக்கும் ஒரு ஆயுள் உண்டு..." என்று ஆரம்பித்தார் ஐயா.

"ரப்பருக்கு வீடு இருந்தா ரெண்டு வருஷம், வீடு இல்லன்னா முப்பத்தி நாலா?" என்று கத்தினார் லைப்ரரிக்காரர்.

அவ்வளவுதான். திரைக்குப் பின்னால் போன வெள்ளைச் செருப்பு பின்வாசல் வழியாக ஓடப் பார்த்தது. வாசலில் நின்றவன் தொண்ணூற்றாறு வயது வரை வாழப்போகிற வாட்ச்மேன். விடுவானா? போலீஸ் வரும்வரை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

டீச்சர் பத்திரத்தை நாலாகக் கிழித்தார். கிழித்துவிட்டு அழுதார்.

"அப்ப நான் இன்னும் முப்பது வருஷம் இருந்துட்டா என்னடி பண்றது?"

"இருங்களேன்க்கா, யாரு வேணாங்கறா? நானும் மேல தனியாத்தான் இருக்கேன். சாயங்காலம் பேப்பரும் பேனாவும் எடுத்துட்டு வாங்க. பென்ஷன் எவ்வளவு, மருந்துக்கு எவ்வளவு, முடியாமப் போனா யாரைக் கூப்பிடறதுன்னு உக்காந்து எழுதுவோம். முதல்ல பல்லைக் கட்டுங்க."

மறுநாளே பல்லுக்கு உறை போட்டாயிற்று. பதினைந்து வருஷ கியாரண்டியோடு.

ரப்பர் கை பயிற்சி அறையின் மூன்றாவது தட்டுக்குத் திரும்பிவிட்டது. அது ஏமாந்ததில் அதிசயம் ஒன்றுமில்லை. பாவம், அதற்குத் தலை கிடையாது. உங்களுக்கு?